ஒரு கத்தியும் அதன் பேழையும்

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து என்றால் அடுப்பில் முழுத்துண்டாகச் சுட்டெடுத்த மாட்டிறைச்சி. கிறிஸ்துமஸ் என்றால் வான்கோழி. அதைச் சமையலறையிலேயே துண்டு போட்டுவிடாமல் மேசைக்குக் கொண்டுவந்து, உட்கார்ந்திருப்பவர்கள் கண்முன்னே மெல்லிய ஏடுகளாகச் சீவிப் பரிமாறுவது நெடுங்கால வழக்கம். அந்த வேலைக்கென்றே ஒரு கத்தி உண்டு. அலகு 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். அகலம் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். முதுகின் தடிமன் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சீவுகத்தி என்று இதை அழைப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெஃபீல்டு நகரப் பட்டறைகள் இந்தக் கத்தியையும் அதற்கு இணையான முள்கரண்டியையும் தீட்டுக்கோலையும் பட்டுத்துணி விரித்த பேழையில் அடுக்கி விற்றன. திருமணப் பரிசாக அது வீடுகளுக்குள் நுழைந்தது. தலைமுறை மாறும்போது கைமாறியது.

இன்றும் ஒரு குறிப்பிட்டவருக்காக, முதல் சம்மட்டி அடியிலிருந்து பேழையின் கடைசி மெருகு வரை எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து தருகிற கைவினைஞர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைக் கவனித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். கத்தி செய்வதில் பெரும்பகுதி வெப்பத்தை ஆள்வது. பேழை செய்வதில் பெரும்பகுதி ஈரத்தை ஆள்வது. முதலாவது எஃகின் அறிவியல், இரண்டாவது மரத்தின் அறிவியல். கத்திக்குக் கொடுக்கும் கவனத்தைப் பலரும் பேழைக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் அருமையான பல அலகுகள் அழகான பெட்டிகளுக்குள்ளேயே துருப்பிடித்துப் போகின்றன. இந்த அத்தியாயத்தில் இரும்புக் கம்பியிலிருந்து பேழையின் மூடி வரை அந்த இரண்டு அறிவியலையும் தொடர்ந்து பார்ப்போம்.

முதலில், இந்தக் கத்தி ஏன் இவ்வளவு நீளம்? வெட்டும்போது நாம் இரண்டு அசைவுகளைச் சேர்த்துச் செய்கிறோம். ஒன்று கீழ்நோக்கி அழுத்துவது, மற்றொன்று அலகை நீளவாக்கில் இழுப்பது. ரீடிங் பல்கலைக்கழகத்தின் டோனி அட்கின்ஸும் அவருடைய சகாக்களும் 2004இல் செடார் பாலாடைக்கட்டியையும் சலாமி இறைச்சியையும் வெட்டிப் பார்த்து, இந்த இரண்டு அசைவுகளின் விகிதத்தை ஒரு எளிய சூத்திரத்தில் அடக்கினார்கள். உராய்வைக் கணக்கில் சேர்க்காத வடிவத்தில் அது சொல்வது இதுதான்: இழுக்கும் வேகம் அழுத்தும் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால், கீழ்நோக்கித் தேவைப்படும் விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். மூன்று மடங்கு இருந்தால் பத்தில் ஒரு பங்கு. இப்போது 10 சென்டிமீட்டர் உயரமுள்ள இறைச்சித் துண்டை ஒரே இழுப்பில் வெட்ட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு விகிதத்துக்குக் குறைந்தது 20 சென்டிமீட்டர் அலகு அதன் வழியே ஓடியாக வேண்டும். ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் இந்தச் சூத்திரத்தை எழுதிப் பார்த்ததில்லை. கை கற்றுக்கொடுத்த அளவு சூத்திரத்தோடு ஒத்துப்போகிறது.

சென்னை ஐஐடியில் படித்தவரும் ஹார்வர்டு பேராசிரியருமான எல். மகாதேவன் 2012இல் தன் சகாக்களோடு இதே கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்டார். அகர் ஜெல்லை மெல்லிய கம்பியால் வெட்டிய அவர்களுடைய சோதனையில், நேராக அழுத்தும்போது ஜெல் வெகுதூரம் அமுங்கிய பிறகே கிழிந்தது; பக்கவாட்டில் இழுத்தபடி அழுத்தினால் குறைந்த அமுக்கத்திலேயே வெட்டு தொடங்கிவிட்டது. சுட்ட இறைச்சியும் அப்படித்தான். மேலிருந்து அழுத்தினால் நார்களுக்கிடையே நிற்கும் சாறு பிதுங்கி வெளியேறும், ஏடு கசங்கும். முன்னும் பின்னும் அறுத்தால் வெட்டுமுகத்தில் படிப்படியாக வரிகள் விழும். நீண்ட, மெல்லிய, ஒரே இழுப்பில் வெட்டும் அலகுதான் இதற்குச் சரியான விடை. ஆனால் நீளமும் மெல்லிய தடிமனும் கொல்லருக்குப் பெரும் சோதனை. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

எஃகைத் தேர்ந்தெடுப்பது அடுத்த வேலை. இரும்போடு கரி (கார்பன்) எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதே இங்கே முதல் கேள்வி. நம்மூர்க் கொல்லர்கள் அரிவாளுக்கு லாரிப் பட்டாவைத் தேடுவார்கள். அதில் கரி சுமார் 0.6 விழுக்காடு, கட்டையிலும் எலும்பிலும் ஓங்கி வெட்டும்போது முறியாமல் அதிர்ச்சியைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. சீவுகத்தி எதையும் ஓங்கி வெட்டப் போவதில்லை. அதற்குத் தேவை, மிக மெல்லிய வாயைப் பிடித்து நிறுத்தும் கடினம். அதனால் பலர் பால் பேரிங்குகளுக்கான எஃகை எடுக்கிறார்கள். கரி 1 விழுக்காடு, குரோமியம் 1.5 விழுக்காடு. இது துருப்பிடிக்காத எஃகு அல்ல. ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி 1913இல் உருக்கியெடுத்த துருவேறா எஃகில் குரோமியம் ஏறக்குறைய 13 விழுக்காடு இருந்தது. பேரிங் எஃகு துருவுக்கு இடம் கொடுக்கும். ஆனால் கரியும் உலோகமும் சேர்ந்த அதன் கார்பைடு துகள்கள் மிகச் சிறியவை, சீராகப் பரவியவை.

அந்தச் சீர்மை ஏன் முக்கியம் என்பதற்கு அண்மைக் கால ஆய்வு ஒன்று நல்ல சான்று. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில், சவர அலகு ஏன் முடியை வெட்டியே மழுங்குகிறது என்று விளக்கினார்கள். முடி எஃகைவிட 50 மடங்கு மென்மையானது. இருந்தும் அலகின் வாயில் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி சாய்ந்து மோதும்போது, ஒரு சிறு சில்லு தெறிக்கிறது. வாய் தேய்வதற்கு முன்பே உடைகிறது. ஆக, எஃகின் சராசரிக் கடினத்தைவிட அதன் ஒருமைப்பாடு பெரிய விஷயம். கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஃகின் பெயரையே பெரிதாகச் சொல்கிறார்கள். என் கணிப்பில் பெயருக்குப் பத்தில் மூன்று பங்கு மதிப்புதான். மீதி ஏழும் உலையிலும் எண்ணெயிலும் நடப்பதைப் பொறுத்தது.

உலைக்குள் நடப்பதைப் பார்ப்போம். அறை வெப்பநிலையில் இரும்பணுக்கள் கனசதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன: எட்டு மூலைகளிலும் ஒவ்வோர் அணு, நடுவில் ஒன்று. இந்த அடுக்கில் கரியணுவுக்குப் போதிய இடமில்லை, 0.02 விழுக்காட்டுக்கு மேல் அது கரையாது. எஞ்சிய கரி இரும்போடு சேர்ந்து கார்பைடாகத் தனியே ஒதுங்கி நிற்கும். 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அடுக்கு மாறத் தொடங்குகிறது. அணுக்கள் இப்போது கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் நிற்கும். மொத்தத்தில் இது முந்தையதைவிட நெருக்கமான அடுக்குதான்; ஆனால் இடைவெளிகள் சிதறிக் கிடக்காமல் ஒன்றுசேர்ந்து பெரிதாகின்றன. கரி அதில் தாராளமாகக் கரைகிறது. இந்த நிலைக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். காந்தம் இதில் ஒட்டாது. பழைய கொல்லர்கள் அலகின் செந்நிறத்தைக் கண்ணால் அளந்தார்கள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய், அது இழுக்காமல் போனதைப் பார்த்து வெப்பநிலையை உறுதிசெய்து கொள்பவர்களும் உண்டு. பேரிங் எஃகுக்கு அது போதாது. அதன் கார்பைடு கரைவதற்கு 840 டிகிரியை ஒட்டிப் பத்து நிமிடமாவது நிறுத்த வேண்டும். வெப்பம் அளவு மீறினால் படிகங்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடும். அப்படிப்பட்ட அலகை உடைத்துப் பார்த்தால் முறிவில் சர்க்கரைபோல் மணல்மணலாக மின்னும். அது கத்திக்கு உதவாது.

அடுத்து வருவது நம் கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்லும் கட்டம். செக்கச்சிவந்த அலகை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்த எண்ணெயில் நுனி முதல் இறக்குகிறார்கள். மெதுவாகக் குளிர்ந்தால் கரி பழையபடி ஒதுங்கிக்கொள்ளும்; அதற்கு அவகாசமே கொடுக்கக் கூடாது. ஒரு விழுக்காடு கரி மட்டுமே உள்ள எஃகுக்கு முதல் ஒரு விநாடியிலேயே விதி எழுதப்பட்டுவிடும். பேரிங் எஃகில் உள்ள குரோமியம் இன்னும் சில விநாடிகள் தருகிறது. 200 டிகிரியைச் சுற்றி வந்ததும், அகப்பட்டுக்கொண்ட கரியோடு அணு அடுக்கு பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று, முடியாமல் ஒரு பக்கமாக நீண்டு இழுபட்டு நிற்கிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். எஃகின் கடினத்தின் ரகசியம் இந்த இழுபறிதான். அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வழியில்லை. அதனால் உலோகம் வளைய மறுக்கிறது.

இந்த மாற்றத்தில் உலோகத்தின் பருமன் சுமார் 4 விழுக்காடு கூடுகிறது. 25 சென்டிமீட்டர் நீளத்தில், இரண்டு மில்லிமீட்டர் தடிமனில், இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட நொடிப்பொழுது முந்திக் குளிர்ந்தாலும் போதும், அலகு வில்லாக வளைந்துவிடும். நீளமும் மெல்லிய தடிமனும் சோதனை என்று சொன்னது இதைத்தான். தேர்ந்த கைகளுக்கு இங்கே ஒரு சிறிய வாய்ப்பு உண்டு. 200 டிகிரியை ஒட்டி எண்ணெயிலிருந்து எடுத்தால், அலகின் பெரும்பகுதி இன்னும் ஆஸ்டெனைட்தான், இன்னும் வளையக்கூடியதுதான். தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முதுகின் கோட்டைக் கண்ணால் பார்த்து நேராக்குகிறார்கள். விரல்களுக்கிடையே எஃகு விறைத்துக்கொண்டே வருவதை உணர முடியும். சிறிது நேரம் தாமதித்தால் அதே அலகு கண்ணாடியைப்போல் படாரென்று முறியும். இந்தக் கைவினையில் மிகுந்த அறிவும் மிகுந்த துணிவும் தேவைப்படும் கணம் இதுவே என்பேன்.

துவைச்சல் முடிந்த அலகு கடினமானது, ஆனால் நொய்ந்தது. கீழே விழுந்தாலே உடையலாம். அதை மீண்டும் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, மறுமுறையும் அப்படியே செய்கிறார்கள்; இதுவே பதப்படுத்துதல். சிறையிருந்த கரியில் ஒரு பகுதி நுண்ணிய கார்பைடுகளாக வெளியேறி இறுக்கம் தளர்கிறது. ராக்வெல் அளவில் 65 இருந்த கடினம் 60, 61க்கு இறங்கும். அந்த நாலைந்து எண்களை விட்டுக்கொடுத்தால்தான் முறியாத கத்தி கிடைக்கும். வெப்பமானி இல்லாத காலத்தில் இதற்கு நிறமே அளவுகோல். மெருகிட்ட எஃகின் மேல் படரும் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க, அதில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, 220, 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 280இல் ஊதா, 300இல் நீலம் என்று காட்டும்.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில், இந்தியாவிலிருந்து வந்த வூட்ஸ் எஃகைப் பற்றி ஓர் ஆய்வுரை அளித்தார். அவருக்காக அந்த எஃகில் ஒரு பேனாக்கத்தி அடித்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டன் ஸ்ட்ராண்டு தெருவில் அறுவை மருத்துவக் கருவிகளும் கத்திகளும் செய்து விற்றவர். அதை 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 232 செல்சியஸில் பதப்படுத்தினால் வாய் அருமையாக நிற்கிறது என்று அவர் கண்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எண் இன்றைய கைவினைஞர்களின் எண்ணுக்கு அருகிலேயே இருக்கிறது. வூட்ஸை ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகைவிட மேலானது என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டவர் அவர். அந்த எஃகின் பழைய உலைகளில் சில நம் மண்ணில் இருந்தன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும், சாரதா சீனிவாசன் ஆராய்ந்த மேல்சிறுவலூரிலும் மூசைகளில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன.

பின்னாளில் ஸ்டோடார்டோடு சேர்ந்து வூட்ஸின் இயல்பைத் தேடத் தொடங்கியவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அவர் எஃகோடு பிளாட்டினமும் ரோடியமும் வெள்ளியும் கலந்து உருக்கிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கொல்லரின் மகன். உலையும் சம்மட்டியும் பிறந்ததிலிருந்து பழக்கம். இருவரும் 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். வூட்ஸின் சிறப்பை விளக்குவதில் அவர்கள் வெற்றிபெறவில்லை. ஆனால் கலப்பு எஃகு என்ற துறைக்கே அது ஒரு தொடக்கம். ஃபாரடே மாதிரிகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு ‘எஃகும் கலவைகளும்’ என்று எழுதிவைத்திருந்தார். மாங்கனீசு எஃகைக் கண்டுபிடித்த ஷெஃபீல்டின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு, அதிலிருந்த 79 துண்டுகளையும் பகுத்தாய்ந்து 1931இல் ஒரு நூலே எழுதினார். ஒரு பெட்டி இருந்ததால்தான் அந்த அறிவு நம் கைக்கு வந்தது.

சாணைக்கு வருவோம். பதப்படுத்திய அலகை ஓடும் உராய்வுப் பட்டையில் சீவி, முதுகிலிருந்து வாய்வரை ஆப்பு வடிவம் கொடுக்கிறார்கள். கைப்பிடியருகே இருக்கும் தடிமன் நுனிக்குப் போகப்போகக் குறைய வேண்டும். அப்போதுதான் நீண்ட அலகு கையில் பாரமாகத் தொங்காது. வாய்க்குச் சற்று மேலே தடிமன் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு பக்கமும் 15 டிகிரிச் சரிவில் தீட்டினால், வாயின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறுகிவிடும். இங்கேயும் வெப்பம்தான் எதிரி. மெல்லிய வாயில் உராய்வுச் சூடு 200ஐத் தாண்டிவிட்டால், உலையில் பெற்ற கடினம் அந்த இடத்தில் போய்விடும். நீலப்புள்ளி ஒன்று அதைக் காட்டிக்கொடுக்கும். அதனால் அலகைத் தண்ணீரில் அடிக்கடி தோய்த்துக்கொண்டே சாணை பிடிக்கிறார்கள். ஷெஃபீல்டில் முள்கரண்டிகளை உலர்ந்த கல்லில் தீட்டிய தொழிலாளர்கள் மணற்கல் தூளைச் சுவாசித்து, இளவயதிலேயே நுரையீரல் கெட்டு இறந்தார்கள். அந்த நகரின் பளபளப்பைப் பற்றிப் பேசும்போது அவர்களை மறக்கக் கூடாது. இன்று இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல சுவாசக் கவசம்.

கைப்பிடியோடு நாம் மரத்தின் உலகுக்குள் நுழைகிறோம். பழைய ஷெஃபீல்டு கத்திகளுக்கு இந்தியக் கடமானின் கொம்பு பெயர்பெற்ற கைப்பிடி. இந்தியா மான்கொம்பு ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது, அது நல்லதே. இப்போது பெரும்பாலும் மரம்தான். எஃகு வெப்பத்தால் மட்டுமே நீளும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவில். மரமோ காற்றின் ஈரத்தைக் குடித்து, நாரின் குறுக்கே விரியும். காற்று காய்ந்தால் சுருங்கும். மரத்தின் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினால், அகலம் சுமார் 1 விழுக்காடு மாறும். மூன்று சென்டிமீட்டர் கைப்பிடியில் அது 0.3 மில்லிமீட்டர். கேட்கச் சிறிது, ஆனால் எஃகும் மரமும் சந்திக்கும் விளிம்பில் விரல் ஓடினால் உடனே தட்டுப்படும். நன்கு காய்ந்த, நார் நெருங்கிய மரத்தைத் தேர்ந்து, அலகின் காம்பைத் துளைக்குள் எப்பாக்சி பிசினால் முழுவதும் மூடிப் பதிக்கிறார்கள். பிசின் காம்பைப் பிடித்துக்கொள்வதோடு ஈரம் உள்ளே போகாமலும் தடுக்கிறது. கைப்பிடிக்குள் மறைந்த காம்பு துருப்பிடித்து உப்பினால், மரத்தைப் பிளந்துவிடும்.

இனிப் பேழை. மனிதர்கள் காலங்காலமாகத் தவறு செய்துவரும் இடம் இது. உறுதியான, அழகான, மதிப்பான மரம் என்று ஓக்கைத் தேடிப்போவார்கள். கத்திக்கு அதைவிடக் கெட்ட வீடு கிடைப்பது அரிது. மரத்தில் செல்லுலோசோடு ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும் இருக்கின்றன. அவற்றோடு அசெட்டைல் தொகுதிகள் இணைந்திருக்கும். காற்றின் ஈரத்தால் அவை ஒவ்வொன்றாக அறுபட்டு அசெட்டிக் அமிலமாக, அதாவது வினிகரின் அமிலமாக, ஆவியாகின்றன. வெட்டிப் பல பத்தாண்டுகள் ஆன மரத்திலும் இது நிற்பதில்லை. திறந்த அலமாரியில் ஆவி காற்றோடு போய்விடும். இறுக மூடிய பேழையில் அது சேர்ந்துகொண்டே போகும்.

பிரிட்டனில் லாஃப்டஸ் செயிண்ட் ஜார்ஜ் பைன் என்பவர் 1899இல், ஓக் இழுப்பறைகளில் வைத்திருந்த கிளிஞ்சல்கள் மேல் வெண்பொடி பூத்து அரித்துப்போவதை விவரித்தார். நுண்ணுயிர்களின் வேலை என்று அவர் நினைத்தார். உண்மைக் காரணம் மரத்தின் அமில ஆவி, கிளிஞ்சலின் சுண்ணாம்பைத் தின்றதுதான். ஈயப் பொருள்களும் இப்படியே வெளுத்துப் பொடியாகும். எஃகும் தப்பாது. எந்தப் பொருளை அருங்காட்சியகப் பேழையில் பயன்படுத்தலாம் என்று அறிய, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஓடி 1973இல் ஒரு சோதனையை வகுத்தார். சந்தேகத்துக்குரிய மரத்துண்டையோ துணியையோ வெள்ளி, ஈய, செப்புத் துண்டுகளோடு, ஈரம் நிறைந்த மூடிய குழாயில் 60 டிகிரியில் 28 நாள் வைக்க வேண்டும். ஈயம் வெளுத்தால் அமில ஆவி. வெள்ளி கறுத்தால் கந்தகம். இன்றும் உலகெங்கும் அருங்காட்சியகங்கள் நம்பும் சோதனை இது. வசதியுள்ள கைவினைஞர் ஒருவர் தன் பேழைக்கான மரத்தையும் துணியையும் பசையையும் இப்படிச் சோதித்தால் அதைவிட நல்ல முதலீடு இல்லை.

ஓக்கும் செஸ்நட்டும் அமிலத்தில் முன்னணி. தேக்கும் ஓரளவு ஆவி விடும் மரமே. வால்நட்டும் மகோகனியும் ஒப்பீட்டளவில் சாந்தமானவை. அதனால் கத்திப் பேழைக்கு வால்நட்டைப் பலர் தேர்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். ஓக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதன் டானின், ஈரமான இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை விழும். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர்கள் அறிந்த வேதியியல்தான் இது. தாவரத்தால் பதப்படுத்திய தோலிலும் டானின் இருக்கிறது. ஆகவே தோலுறையில் கத்தியைப் போட்டு மாதக்கணக்கில் பேழைக்குள் வைப்பது கூடாது.

மூலைகளைப் புறாவின் வால் வடிவ இணைப்பில் கோத்துவிட்டால் பேழையின் சட்டம் ஆணியே இல்லாமல் நூறாண்டு நிற்கும். பலகை தன் நாரின் குறுக்கே விரியும், நீளவாக்கில் விரியாது என்பதை மறந்து, அகலமான மூடிப்பலகையை நான்கு பக்கமும் பசைபோட்டு இறுக்கினால்தான் தொல்லை. சென்னைக் கடற்கரைக் காற்றில் மரத்தின் ஈரப்பதம் 14 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். குளிர்சாதன அறைக்குள் போனால் 9க்கு இறங்கும். 12 சென்டிமீட்டர் அகல மூடி அப்போது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். சுருங்க வழியில்லாவிட்டால் பிளக்கும். அதனால் மூடிப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையின்றி நழுவவிட்டு, விரியவும் சுருங்கவும் இடம் விடுகிறார்கள்.

உள்ளே எண்ணெய் பூசக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது தானும் அமில ஆவிகளை விடும். சாராயத்தில் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சுகளாக இட்டு, நன்றாக உலரவிடுவது மேல். கம்பளித் துணியில் கந்தகம் இருக்கிறது. கைப்பிடியில் வெள்ளிப் பூண் இருந்தால் அது கறுத்துவிடும். துவைத்த, சாயமிடாத பருத்தித் துணி போதும். வெள்ளை மரப்பசையும் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும் என்பதால், துணியை ஒட்டிய பிறகு மூடியைத் திறந்தே சில வாரங்கள் வைக்க வேண்டும். கத்தி படுக்கும் பள்ளத்தை அலகின் வடிவத்துக்கு அச்சாகக் குடைவது அழகுதான். ஆனால் முழு அலகும் துணியில் புதைந்தால் ஈரம் அங்கேயே தங்கும். கைப்பிடியின் கீழும் முதுகின் கீழும் இரண்டு தாங்கிகள் வைத்து, வாய் எதையும் தொடாமல் காற்றில் நிற்கும்படி செய்வதே சிறந்தது.

எஃகுக்கும் துருவுக்கும் இடையே ஒரு வாசல் உண்டு. காற்றின் ஈரம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் துரு மிக மெதுவாக நடக்கும். அதைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். அமில ஆவியோ கையின் உப்போ படிந்திருந்தால் அதற்கு முன்பே தொடங்கிவிடும். நம் கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி 60க்கு மேல்தான். பேழையின் மூலையில் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பையும், அலகின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சும் கட்டாயம்.

இப்படி ஒரு கத்தி உங்களுக்குப் பரிசாக வந்தால், பேழையில் பூட்டி அலங்காரமாக வைக்காதீர்கள். இறைச்சியோ பலாப்பழமோ ரொட்டியோ வெட்டுங்கள். எலும்பை மட்டும் தொடாதீர்கள். உடனே கழுவித் துடைத்து, ஈரம் முற்றிலும் போன பிறகே பேழைக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் மூடியை அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள். நீங்களே ஒன்றைச் செய்துதரச் சொல்வதாக இருந்தால், செய்பவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அலகை எத்தனை டிகிரியில் பதப்படுத்துவீர்கள், பேழையின் மரம் எது? தொழில் தெரிந்தவர் இரண்டுக்கும் உடனே பதில் சொல்வார்; எஃகின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.